கூரைக் கரண்டுக்குக் கையெழுத்துப் போடலாமா? ஆராவுக்கு வந்த தம்பிக்கு

சுவிஸில் ஆராவில் வாடகை வீட்டுக்கு வந்து நாலு மாதம், கட்டடத்தைப் பார்க்கிற வெர்வால்டுங் நிர்வாகத்திடமிருந்து ஜெர்மனில் ஆறு பக்கக் கடிதம், கூரையில் சோலார் போடுகிறோம், இனி அந்தக் கரண்டை எங்களிடம் வாங்குங்கள், கையெழுத்துப் போடுங்கள் என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். போட்டால் மாட்டிக்கொள்வேனா, ஊரில் அப்பா செய்வதுபோல நானும் இங்கே கரண்ட் விற்று நாலு காசு பார்க்கலாமா என்று இரண்டு கேள்வி.

தம்பி, முதலாவதுக்குப் பயப்படாதீர்கள். இரண்டாவதுக்குப் பெரிதாக ஆசைப்படாதீர்கள்.

அப்பாவின் கணக்கை இங்கே கொண்டுவந்தால் குழம்பிப்போவீர்கள். 2016இல் இலங்கையில் வந்த திட்டத்தில் கூரையிலிருந்து போகும் யூனிட்டுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபாய், பிறகு 15.50 என்று நாடு முழுக்க ஒரே விலை. இங்கே கரண்ட் கொடுக்கும் கம்பனிகளே ஏறத்தாழ 600. பக்கத்துக் கிராமத்துக்குக் குடிபோனால் விலை மாறிவிடும். அதற்காகக் கம்பனியை மாற்றவும் முடியாது. வருடத்துக்கு ஒரு லட்சம் யூனிட்டுக்குக் குறைவாக எரிக்கிற யாருக்கும் அந்தத் தெரிவு இல்லை. 2026க்கு ஒரு சாதாரண வீடு கொடுக்கும் விலை நடுவாக யூனிட்டுக்கு 27.7 ரப்பன் (நூறு ரப்பன் ஒரு பிராங்க்). ஆனால் உங்கள் கூரையில் மிஞ்சுவதைக் கம்பனிக்கு விற்றால், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அந்தக் காலாண்டின் சந்தை விலைதான். 30 கிலோவாட்டுக்குக் குறைந்த கூரைக்கு அது 6 ரப்பனுக்குக் கீழே போகாது என்று சட்டம் சொல்கிறது, அவ்வளவே. 6க்கு விற்று 27க்கு வாங்குகிற இந்த இடைவெளிக்குள்தான் எல்லாரும் புகுந்து விளையாடுகிறார்கள். உங்கள் வெர்வால்டுங்கும் அதற்குத்தான் வந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தில் ஸெட்-ஏ-ஃபவ் (ZEV) என்று மூன்றெழுத்து இருக்கும். ஒரு கட்டடத்துக்காரர் எல்லாரும் சேர்ந்து தங்கள் கூரைக் கரண்டைத் தாங்களே எரிப்பது என்று அர்த்தம். நீங்கள் ஏற்கெனவே குடியிருக்கிறவர் என்பதால், திட்டம் தொடங்கும்போது ‘எனக்கு வேண்டாம், பழையபடி கம்பனியிடமே வாங்குகிறேன்’ என்று சொல்லச் சட்டம் இடம் தருகிறது. சேர்ந்த பிறகு விலகுவது லேசு இல்லை. ஆகவே கையெழுத்துக்கு முன்னால் விலை எழுதிய பக்கத்தைத் தேடுங்கள். சோலார் யூனிட்டுக்கு ஒரே விலையாகப் போடுவதென்றால், கம்பனியின் வழக்கமான விலையில் 80 வீதத்துக்கு மேல் போடக்கூடாது. அங்கே 28 ரப்பன் என்றால் இங்கே கூடினால் 22.4. மீட்டர் பார்ப்பதற்கும் பில் அடிப்பதற்கும் மாதாமாதம் எவ்வளவு என்பது பெரும்பாலும் வேறொரு பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். அதையும் கூட்டிப் பாருங்கள். மாதம் 6 பிராங்க் பில்லுக்கே போனால், ஒரு ஆள் இருக்கிற ஸ்டூடியோவில் லாபம் எல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

உங்களுக்கு இன்னொரு விஷயம் சாதகமாக இருக்கிறது. ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை என்று எழுதியிருந்தீர்கள். மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை ஸிம்மர்ஸ்டுண்டே என்கிற இடைவேளை, வீட்டுக்கு வருவீர்கள். கோடையில் இங்கே வெயில் உச்சிக்கு வருவதே ஒன்றரை மணிக்கு! ஒபிஸ்காரர் எல்லாரும் வெளியில் இருக்கும் நேரம், கூரை முழுக்கக் கரண்ட், எரிக்க ஆள் இல்லை. நீங்கள் வந்து குளித்து, சோறு போட்டு, உளுந்து அரைத்து முடித்தால் எல்லாம் சோலார் விலை. உடுப்புத் தோய்க்கிற அறைக்கு முறை எழுதுகிற தாளில் எல்லாரும் பின்னேரத்துக்கு அடிபடுவார்கள். நீங்கள் பேசாமல் வெள்ளி இரண்டு மணியைப் பிடியுங்கள்.

நான் வாடகைக்கு இருந்த கட்டடத்தில் இதே திட்டத்தில் ஆறு வருடம் இருந்தேன். முதல் வருடக் கணக்கு வந்தபோது, நல்லூர்த் திருவிழாவுக்கு ஊரில் போய் நின்ற மூன்று கிழமையும் நாங்கள் ஒவ்வொரு மத்தியானமும் எதையோ சுட்டுச் சாப்பிட்டதாக இருந்தது. மீட்டர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவதால், அந்தப் பதிவை வரைந்த தாளைக் கேட்டு வாங்கினேன். தினமும் பதினொன்றரைக்கு ஒரு மலை எழும்பி நிற்கிறது. மேல்மாடி அம்மாவின் ஓவன்! பில் அடிக்கிற நிறுவனம் இரண்டு மீட்டர் நம்பரையும் மாற்றிப் போட்டிருக்கிறது. திருத்த ஐந்து மாதமும் மூன்று பதிவுத் தபாலும் போனது. அந்த அம்மாவும் நானும் அதோடு சிநேகிதம் ஆனதுதான் மிச்சம். இன்றே உங்கள் மீட்டர் நம்பரைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

இனி விற்கிற கதை. 2024 யூன் 9 வாக்கெடுப்பில் 68.7 வீதம் ஆம் என்று போட்ட மின்சாரச் சட்டத்தில், 2026 தை முதல் லெக் (LEG) என்று ஊர்க்காரர் சேர்ந்து கரண்ட் பகிரும் முறை ஒன்று வந்தது. ஒரே ஊராட்சி, ஒரே கம்பனி வலையமைப்பு என்றால், அயலட்டைக்குள் தெருக் கம்பி வழியாகவே கரண்ட் கொடுத்து வாங்கலாம். கூரைச் சோலாரின் திறன், சேர்ந்தவர்களின் மொத்த மின் இணைப்புத் திறனில் 5 வீதமாவது இருக்க வேண்டும். அப்படிக் கைமாறும் யூனிட்டுக்கு வலையமைப்புக் கட்டணத்தில், அதாவது கம்பிக்குக் கொடுக்கும் காசில், 40 வீதம் கழிவு. நடுவில் டிரான்ஸ்போமர் குறுக்கிட்டால் 20. கட்டணம் 10 ரப்பன் என்று வைத்தால் 4 ரப்பன், அல்லது 2.

இப்போது நாங்கள் இருக்கிற வரிசை வீடுகளில் ஒன்பது குடும்பம், மூன்று கூரையில் சோலார், அதில் ஒன்று என்னுடையது. 2019இல் வாலன்ஸ்டாட் என்ற ஊரில் 37 வீடுகள் சேர்ந்து, விற்பவர் குறைந்த விலையையும் வாங்குபவர் கூடிய விலையையும் கைபேசியில் போட, 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஏலம் நடத்திப் பார்த்தார்கள். நாங்கள் அவ்வளவு வித்தை காட்டவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டில் கோப்பி குடித்தபடி யூனிட் 10 ரப்பன் என்று முடித்தோம். கணக்கும் அவர்தான், எக்செல்லில். சித்திரை தொடங்கி மூன்று மாதத்தில் 950 யூனிட் அயலுக்குக் கொடுத்தேன். கம்பனியிடம் 6, இவர்களிடம் 10. எனக்குக் கூடுதலாக வந்தது 38 பிராங்க். மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

வாடகைக்காரர் உங்களால் முடிந்தது பல்கனியில் இரண்டு சோலார் தகடு. 600 வாட்டுக்கு மேல் சொக்கெட்டில் செருகக்கூடாது, செருகுமுன் கம்பனிக்கு அறிவிக்க வேண்டும், வீட்டுச் சொந்தக்காரரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். விற்க ஒன்றும் மிஞ்சாது. பிரிட்ஜும் வைபையும் பகலில் அதில் ஓடும். வடக்குப் பார்த்த பல்கனி என்றால் அதுவும் வேண்டாம்.

கடிதத்தில் விலைப் பக்கத்தையும் விலகல் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஞாயிறு எனக்கு லீவு, வாசித்துச் சொல்கிறேன். அதற்குள் கையெழுத்து வேண்டாம்.