மடக்கு கத்தி: உள்நாடா வெளிநாடா?

உள்நாட்டு மடக்கு கத்தி ரெண்டே வாரத்துல மழுங்கிருச்சு, அடுத்து வெளிநாட்டுது தான் வாங்கணுமான்னு கேட்டிருக்கீங்க. முதல்ல இருக்கறத ஒரு தடவை நல்லா சாணை பிடிச்சு பாருங்க, ஏன்னா நிறைய கத்தி கம்பெனியில இருந்து வரும்போதே கூர் சரியா வைக்காம தான் வருது, நல்லா தீட்டின பிறகும் அதே வேகத்துல மழுங்குதுன்னா இரும்புக்கு சூட்டுப் பதம், அதாவது காய்ச்சி குளிரவச்சு கடினமாக்கற வேலை, சரியா குடுக்கலன்னு தான் பெரும்பாலும் அர்த்தம், அதை வீட்ல வச்சு நாம சரி பண்ண முடியாது.

ஸ்டீல் பேரை விட இந்த பதம் தான் முக்கியம்ங்க. விக்டோரிநாக்ஸ் சுவிஸ் கத்திய எடுத்துக்கோங்க, இரும்போட கடினத்தை அளக்கற ராக்வெல் அளவுல சுமார் 56 தான், அப்படி ஒண்ணும் பெரிய கடினம் கிடையாது, ஆனா ஒவ்வொரு கத்தியும் ஒரே தரத்துல வருது, துரு லேசுல பிடிக்காது, மழுங்கினாலும் சாதாரண கல்லுலயே சீக்கிரம் கூர் வந்துடும். நீங்க கூடுதலா குடுக்கற பணம் அந்த சீரான தரத்துக்கு தான். பிரான்ஸ் கத்தி ஒப்பினெல்ல கார்பன் ஸ்டீல் எடுத்தீங்கன்னா அருமையா வெட்டும், ஆனா ஈரத்தோட மடக்கி வச்சா துரு ஏறிடும், மரக் கைப்பிடி வேற ஊறிப்போய் திறக்கறதே கஷ்டமாயிடும், அதனால துடைச்சு லேசா எண்ணெய் தடவி வைக்கற பழக்கம் உங்களுக்கு இருந்தா மட்டும் வாங்குங்க.

வெளிநாட்டு பேர் பொறிச்சிருக்குன்னு மட்டும் நம்பிடாதீங்க, போலி ஏகப்பட்டது இருக்கு. திறந்து பிளேட பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா எந்த நாட்டுதா இருந்தாலும் வேண்டாம். பழம், கயிறு, பார்சல் இவ்வளவு தான் வேலைன்னா பிளேட கைப்பிடியோட பிணைக்கற ரிவெட் ஆணி இறுக்கமா இருக்கற உள்நாட்டு கத்தியே தாராளமா போதும்.