‘ஊபாட் பாத்தோக்’ மருந்தின் பெயர் அல்ல

பினாங்கு முழுக்க இருமிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. இந்தப் பயனீட்டாளர் கேள்வி-பதில் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இருமல் மருந்துதான். வாஷிங் மெஷின், கட்டில் விவகாரங்கள் அடுத்த முறை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கிளினிக்கில் கொடுத்த சிவப்பு இருமல் மருந்தை இரண்டு நாள் குடித்தேன். தலைசுற்றல், மலச்சிக்கல். போன் செய்து கேட்டால் கவுண்டரில் இருக்கும் பெண் “நோர்மல்தான் ஆன்ட்டி” என்கிறாள். போத்தலில் ‘ஊபாட் பாத்தோக், 10 எம்.எல்., 3 காலி செஹாரி’ என்று மட்டும் இருக்கிறது. இது என்ன மருந்து?
— வாசகி, ஆயர் ஈத்தாம்

எனக்குத் தெரியாது அம்மா. உங்களுக்கும் தெரியாது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாலும் பார்மசிஸ்டுக்கும் தெரியாது.

மலாயில் ‘ஊபாட் பாத்தோக்’ என்றால் இருமல் மருந்து, ‘3 காலி செஹாரி’ என்றால் ஒரு நாளைக்கு மூன்று வேளை. அவ்வளவுதான். சந்தையில் பை நிறைய வாங்கிவிட்டு ரசீதில் ‘சாமான், 84 வெள்ளி’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் சும்மா வருவீர்களா? மீன்காரரிடம் இது கெம்போங்கா, செலாரா என்று செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறோம். வயிற்றுக்குள் ஊற்றும் மருந்துக்கு மட்டும் பெயர் கேட்க வெட்கப்படுகிறோம். இதைப் பல வருடமாக இந்தப் பகுதியில் கத்திக்கொண்டிருக்கிறேன், சலிக்கவில்லை.

சிவப்பு என்பது சாயம். அதே சிவப்பில் டைஃபென்ஹைட்ரமின் இருக்கலாம். அது ஒவ்வாமைக்கான பழைய மருந்து. தூக்கம், தலைசுற்றல், வாய் உலர்தல் எல்லாம் வரும். கோடீன் இருக்கலாம். அது அபின் குடும்பம், மலச்சிக்கலுக்குப் பேர் போனது. டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் என்றால், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சில மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. வெறும் சளி இளக்கும் புரோம்ஹெக்ஸினாகவும் இருக்கலாம். நான்குக்கும் குணம் வேறு, ஆகாதவர்கள் வேறு. ஃபோல்கோடின் என்று ஒன்று வெகு காலம் சர்வசாதாரணமாகப் புழங்கியது. அதைக் குடித்தவருக்குப் பல மாதம் கழித்து அறுவைச் சிகிச்சையில் தசை தளர்த்தும் ஊசி போடும்போது கடும் ஒவ்வாமை வரலாம் என்று தெரிந்து, 2022 டிசம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை அதை நிறுத்தச் சொன்னது. 2023-இல் பிரிட்டனும் எடுத்துவிட்டது. கடந்த 12 மாதத்தில் அதைக் குடித்தீர்களா என்று மயக்க மருந்து டாக்டர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? ‘சிவப்பாக இருந்தது’ என்றா?

எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், புரோஸ்டேட் வீங்கியவர், இப்படிப் பெயரில்லாத போத்தல் ஒன்றை மூன்று வேளை குடித்தார். அன்றிரவு சிறுநீர் ஒரு சொட்டு இறங்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு மருத்துவமனையில் டியூப் போட்டார்கள். “என்ன மருந்து குடித்தார்?” என்று இளம் டாக்டர் கேட்டதும் பெருமையாகப் போத்தலை நீட்டினேன். அவர் லேபிளைப் படித்தார், பின்பக்கம் திருப்பினார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை. டைஃபென்ஹைட்ரமின் மாதிரி மருந்துகள் புரோஸ்டேட் வீங்கியவர்களுக்குச் சிறுநீரை அடைக்கும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். அந்தப் போத்தலில் இருந்தது அதுதானா என்பது கிளினிக்கைக் கூப்பிட்டு நச்சரித்த பிறகே தெரிந்தது. அதுவேதான்.

1952-ஆம் ஆண்டு ஆக்தா ராச்சுன் என்ற நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், சாப்பிடும் முறை, தேதி, கொடுத்தவரின் பெயர், முகவரி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். நாளைக் காலை கிளினிக்குக்கு நேரில் போங்கள். கவுண்டரில் பேச வேண்டாம், டாக்டரிடம் பேசுங்கள். பெயரை எழுதி வாங்குங்கள், உங்களுக்கு வந்த தொல்லைகளைச் சொல்லுங்கள், அதுவரை அடுத்த வேளையைக் குடிக்காதீர்கள். மூச்சு முட்டினாலோ உடம்பில் தடிப்பு வந்தாலோ காலைவரை காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவு. பக்க விளைவை நாமே தெரிவிப்பதற்கு என்பிஆர்ஏ என்ற தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ‘கான்செர்ஃப்’ என்ற படிவம் வைத்திருக்கிறது. அதிலும் மருந்தின் பெயரைக் கேட்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டுமா?

என் கணவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கோடீன் இருமல் மருந்து மிச்சம் இருந்தது. ஏழு வயது மகனுக்கு இரவெல்லாம் இருமல். பாதி அளவு கொடுத்தேன். மறுநாள் மதியம்வரை தூங்கினான், இப்போது நன்றாக இருக்கிறான். பாதி கொடுத்தால் பரவாயில்லை அல்லவா?
— ஒரு தாய், பட்டர்வொர்த்

பரவாயில்லை என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்தீர்களா? மதியம்வரை தூங்கியதை நல்ல தூக்கம் என்று நினைத்துவிட்டீர்கள்.

கோடீன் உடம்புக்குள் போய் மார்ஃபினாக மாறுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த மாற்றம் படுவேகம். அவர்கள் உடம்பில் பாதி அளவும் முழு அளவைப் போல வேலை செய்யலாம். மார்ஃபின் கூடினால் மூச்சு மெதுவாகும், சிறு பிள்ளைக்கு நின்றே போகலாம். உங்கள் மகன் எந்த ரகம் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. 12 வயதுக்குக் கீழ் இருமலுக்குக் கோடீன் கூடாது என்று ஐரோப்பா 2015-இல் சொல்லிவிட்டது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் கோடீன் இருமல் மருந்து வேண்டாம் என்றது. பிள்ளை என்பது பாதி அளவு பெரியவர் இல்லை.

இனி ஒருமுறை தெரியாமல் குடித்துவிட்டால், எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாக, இழுத்து இழுத்து வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் 999. அவ்வளவு மோசமில்லை, ஆனால் பயமாக இருக்கிறது என்றால் தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, யுஎஸ்எம் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது; போனிலேயே வழி சொல்வார்கள். மிச்ச மருந்தை அரசு மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்றைக்கே.

இருமல் மருந்து குடித்துவிட்டு நைட் ஷிப்ட்டுக்கு மோட்டாரில் போகலாமா? கொஞ்சம்தான் தூக்கம் வருகிறது.
— தொழிற்சாலை ஊழியர், பிறை

பஸ்ஸில் போங்கள் தம்பி.

5 எம்.எல். என்றால் எந்த ஸ்பூன்? டீ கலக்குவதா, சோறு சாப்பிடுவதா?
— செபராங் ஜெயா

இரண்டும் இல்லை. மருந்தோடு வரும் அளவு மூடி, இல்லாவிட்டால் பார்மசியில் ஓரிரு வெள்ளிக்குக் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச். நான் ஒரு தடவை சோற்றுக் கரண்டியால் குடித்து, மூன்று மடங்கு விழுங்கிவிட்டு, மாமியார் வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் குறட்டை விட்டவன். வீடியோ இருக்கிறது.

அப்பாவுக்கு 64 வயது. மூன்று மாதமாக வறட்டு இருமல். ஒரே கிளினிக்கில் ஐந்து போத்தல், மொத்தம் 190 வெள்ளி. நிற்கவில்லை. ரத்தக் கொதிப்புக்கு அரசாங்க கிளினிக்கில் பெரின்டோபிரில் எடுக்கிறார். ஏமாந்துவிட்டோமா?
— நிபோங் தெபால்

கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், உங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கிளினிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரின்டோபிரில், எனாலாபிரில், கேப்டோபிரில் என்று ‘பிரில்’ என முடியும் ரத்தக் கொதிப்பு மாத்திரைகளுக்கு வறட்டு இருமல் நன்கு தெரிந்த பக்க விளைவு. தொண்டையில் இறகு வைத்து வருடுகிற மாதிரி இருக்கும், சளி வராது. எத்தனை போத்தல் ஊற்றினாலும் அது போகாது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கொதிப்பு ஏறும். கொடுத்த கிளினிக்கில் சொன்னால் பெரும்பாலும் லொசார்டன் மாதிரி ‘சார்டன்’ குடும்பத்துக்கு மாற்றுவார்கள். காரணம் அதுதான் என்றால் சில வாரத்தில் இருமல் அடங்கும். அதோடு நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது இந்த நாட்டில் பால பாடம். மூன்று மாதம் அதைச் செய்யாமல் போத்தல் போத்தலாக விற்றிருக்கிறார்கள். வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்ற ஒரு கேள்வியைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

190 வெள்ளியைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவர்களின் சிகிச்சைச் சேவையை விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் இது எடுபடாது. கிளினிக்கிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள், நகலை பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் அனுப்புங்கள். இனி டாக்டரிடம் மருந்துச்சீட்டை மட்டும் கேட்டு வாங்கி வெளியே பார்மசியில் விலை பார்க்கலாம். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் பார்மசியும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். சீட்டுக் கேட்டால் சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இணையத்தில் ‘நூறு விழுக்காடு மூலிகை’ இருமல் மருந்து, இரண்டு போத்தல் 96 வெள்ளி. இரண்டே நாளில் இருமல் போய்விட்டது. நல்ல மருந்து என்று இரண்டு மாதமாகத் தொடர்ந்து குடிக்கிறேன். இப்போது முகம் நிலா மாதிரி உப்பியிருக்கிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை.
— வாசகி, ஜெலுத்தோங்

உங்களைத் திட்ட எனக்குத் தகுதியில்லை. தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை அடிவாரத்தில் மைக்கில் முழங்கிய ஒருவரிடம் 68 வெள்ளிக்கு ‘சர்வ இருமல் நிவாரணி’ வாங்கியவன் நான். மூன்றாவது வாரம் அது அலமாரிக்குள் நொதித்துத் தானே மூடியைத் தள்ளியது. அடுப்படிக் கூரையில் பழுப்பு வட்டம் இன்னும் இருக்கிறது. விருந்தாளிகள் கேட்டால் மழை ஒழுகியது என்கிறோம்.

உங்கள் விஷயம் அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியது அல்ல. இரண்டு நாளில் அற்புதம், பிறகு முகம் உப்பல் என்றால் ஸ்டீராய்டு கலந்திருக்கிறார்களோ என்று சந்தேகிக்க வேண்டும். மூலிகை என்று விற்ற பொருட்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததை என்பிஆர்ஏ பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள்: இரண்டு மாதம் குடித்ததைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, உடம்பு ஸ்டீராய்டைத் தானே சுரப்பதை மறந்திருக்கும். இன்றே போத்தலோடு மருத்துவமனைக்குப் போங்கள். அவர்கள்தான் படிப்படியாகக் குறைப்பார்கள். போத்தலைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி.

பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும், ஃபார்மாடேக் என்ற ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். இலக்கங்களுக்கு அடுத்து வரும் முதல் எழுத்து டி என்றால் பாரம்பரிய மருந்து, ஏ என்றால் கட்டுப்பாட்டு மருந்து. எண்ணைக் கள்ளத்தனமாக அச்சடிப்பவர்களும் உண்டு, அதனால் என்பிஆர்ஏ தளத்தில் தட்டிப் பாருங்கள். வேறு எதையாவது காட்டினால் போலி. விற்றவரின் பெயரும் முகவரியும் கிடைத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம். 50,000 வெள்ளிவரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், மூன்று வருடம் அவகாசம் உண்டு. கையில் போன் நம்பர் மட்டும் இருந்தால் முதலில் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவிடம் புகார் கொடுங்கள். வாங்கிய தளத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இப்போதே எடுத்து வையுங்கள், அந்தக் கடை நாளைக்கு இருக்காது.

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் பிள்ளைகளுக்கு இருமல் சிரப் வாங்கி வரச் சொல்வோம். மலிவு, இனிப்பாகவும் இருக்கும். தொடரலாமா?
— பாயான் பாரு

வேண்டாம். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சோதித்ததில் ஏறக்குறைய பாதி டைஎதிலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பான். அதுவும் இனிப்பாகத்தான் இருக்கும். 2022-இல் காம்பியாவிலும் இந்தோனேசியாவிலும் இதே நஞ்சு. எல்லா சிரப்பும் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டிக்குள் மடித்து வரும் போத்தலை இங்கே யாரும் சோதிக்கவில்லை. ஊரிலிருந்து முறுக்கு வாங்கி வரச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகள் விட்டுப்போன மஞ்சள் முத்து மாதிரி இருமல் மாத்திரை, பெயர் பென்ஸோனடேட். விழுங்கச் சிரமம். கடித்துச் சாப்பிடலாமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சோங் பூங்கா

பெயரோடு எழுதினீர்கள் பாருங்கள் ஐயா, உங்களுக்கு நன்றி. கடிக்கவே கூடாது. உள்ளே இருப்பது மரத்துப்போக வைக்கும் மருந்து. கடித்தால் தொண்டை மரத்துப் போய்ப் புரையேறி அடைக்கும். மிட்டாய் என்று நினைத்து விழுங்கிய 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இறந்திருப்பதால் 2010-இல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. பேரப்பிள்ளைகள் வருகிற வீடு என்றால் பூட்டி வையுங்கள். அதைவிட, அது உங்களுக்கு எழுதிய மருந்தும் அல்ல. மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போன வருடம் கிளினிக்கில் கொடுத்த மருந்து பாதி இருக்கிறது. வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. லேபிள் அழிந்துவிட்டது.
— ஜாலான் டத்தோ கிராமாட்

கடிதத்தில் கேள்வியே இல்லை. நல்லது.