பயனீட்டாளர் கேள்வி-பதில்: சிறு பிள்ளைகளுக்கான முகாம் பொருள்கள்

கேள்வி: பள்ளி விடுமுறையில் ஆறு வயது மகளையும் நான்கு வயது மகனையும் அழைத்துக்கொண்டு, பினாங்கின் தெலுக் பகாங்கிலிருந்து பந்தாய் கெராச்சுட் கடற்கரை வரை காட்டு வழியாக நடந்து சென்று, அங்கு ஓரிரவு தங்க நானும் கணவரும் திட்டமிட்டிருக்கிறோம். முதுகுப்பை, உறக்கப்பை, மடக்கு நாற்காலி, தலைவிளக்கு ஆகியவை அடங்கிய சிறுவர் தொகுப்பு இணையச் சந்தையில் 260 வெள்ளிக்கு விற்கப்படுகிறது. ஆளுக்கொன்றாக இரண்டு வாங்கலாமா? (வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: வாங்க வேண்டாம். அத்தொகுப்பில் பாதிக்கு மேற்பட்டவை உங்கள் பயணத்திற்குத் தேவைப்படாதவை. தேவைப்படுபவற்றையும் தனித்தனியே பார்த்து வாங்குவதே நல்லது.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளை ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். பள்ளிப் பை உடல் எடையில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று பலரும் சொல்லும் அளவை எடுத்துக்கொண்டால், பையோடு சேர்த்து 2 கிலோதான் எல்லை. வேர்களும் ஏற்ற இறக்கங்களும் உள்ள பாதையில் அதில் பாதியே போதும். (பள்ளிப் பையில் அந்த அளவை யார் மதிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.) சட்டமும் பல ஜிப்புகளும் வைத்துத் தைத்த சிறுவர் பை, வெறும் பையாகவே முக்கால் கிலோ வந்துவிடும். எனவே 10 லிட்டர் கொள்ளளவும் 400 கிராமுக்கு உட்பட்ட எடையும் நெஞ்சுப் பட்டையும் உள்ள எளிய பை ஒன்றை மகளுக்கு மட்டும் வாங்குங்கள். அதில் அரை லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, ஒரு விசில் ஆகியவை இருந்தால் போதும். வயதைப் பார்த்து வாங்காமல், பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் சென்று போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். பையின் அடிப்பகுதி இடுப்புக்குக் கீழே தொங்கினால் அது பெரிய பை. இடுப்புப் பட்டைக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், இந்த வயதில் அது வயிற்றில்தான் வந்து நிற்கும். நான்கு வயது மகனுக்குப் பையே வேண்டாம். பாதி வழியில் அவன் கழற்றிக் கொடுப்பதையும் நீங்கள்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

உறக்கப்பையில்தான் பணம் அதிகம் வீணாகிறது. விற்பனைக்கு வருபவற்றில் பல, குளிர்நாடுகளின் இரவுகளுக்காகச் செய்யப்பட்டவை. நம் கடற்கரையில் இரவு வெப்பம் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால், 5 பாகைக்கு ஏற்றது என்று எழுதப்பட்ட பைக்குள் படுக்கும் பிள்ளை வியர்வையில் நனைந்து நள்ளிரவில் எழுந்துவிடும். ஆளுக்கொரு பாத்தேக் சாரோங்கும் முழுக்கை உடையும் போதும். கேமரன் மலைக்குச் செல்வதானால் நிலைமை வேறு. அங்கு மெல்லிய உறக்கப்பை தேவைப்படும். ஆனால் பையில் அச்சிடப்படும் பாகைக் கணக்கு பெரியவர்களின் உடலை வைத்துச் சோதிக்கப்படுவது என்பதால், பிள்ளைகளுக்கு அதை அப்படியே நம்பக் கூடாது.

மிச்சமாகும் பணத்தைப் படுக்கைக்குச் செலவிடுங்கள். பெரியவர்களுக்கான 180 சென்டிமீட்டர் நுரைப்பாயை வாங்கி, கத்தரிக்கோலால் 120 சென்டிமீட்டரில் வெட்டினால் மகளுக்கு ஏற்ற பாய் கிடைக்கும். எஞ்சும் 60 சென்டிமீட்டர் துண்டு, நாற்காலிக்குப் பதிலாக உட்கார உதவும். காற்றடைக்கும் பாயைப் போல நுரைப்பாய் ஓட்டையாகி நடுஇரவில் இறங்கிவிடாது.

தலைவிளக்கு வாங்கும்போது மின்கலம் இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். பொத்தான் மின்கலத்தைப் பிள்ளை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். ஆகையால் ஏஏஏ மின்கலத்தில் இயங்குவதாகவும், மூடி திருகாணியால் இறுக்கப்பட்டதாகவும் பார்த்து எடுங்கள். முகாமிடுவதற்கான அனுமதி பற்றித் தெலுக் பகாங்கில் உள்ள தேசியப் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: “எடை 2.1 கிலோ, 3000 மில்லிமீட்டர் நீர்த்தடுப்பு” என்ற விளம்பரத்தைப் பார்த்துக் குடும்பக் கூடாரம் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். வீட்டுத் தராசில் அது 2.9 கிலோ காட்டுகிறது; முதல் மழையிலேயே உள்ளே ஈரமாகிவிட்டது. தள்ளுபடியில் விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்கிறார் விற்பனையாளர். நான் என்ன செய்யலாம்? (வாசகர், செராஸ், கோலாலம்பூர்)

பதில்: வழக்கு உங்கள் பக்கம் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். முளைகளையும் உறையையும் சேர்க்காமல் எடையைக் குறிப்பிடுவது இத்தொழிலில் வழக்கம். விளம்பரத்தில் எங்காவது அப்படி எழுதியிருந்தால் எடையைப் பற்றிய புகார் நிற்காது. 3000 என்ற எண்ணும், துணி எவ்வளவு நீரழுத்தத்தைத் தாங்கும் என்பதை மட்டுமே குறிக்கிறது. தையல்களின் உட்புறம் நாடா ஒட்டப்படாவிட்டால், துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஊசித் துளை வழியே நீர் இறங்கும். ஒற்றைத் துணிக் கூடாரமாக இருந்தால், நால்வர் விடும் மூச்சே உட்சுவரில் நீராகப் படிந்திருக்கலாம். பகலில், உள்ளே ஆளில்லாமல், நீர்க்குழாயால் தெளித்துப் பாருங்கள். தையலில் கசிந்தால் அதைக் காணொளியாகப் பதிவுசெய்யுங்கள்.

கசிவு உறுதியானால், தள்ளுபடி விலை என்ற சாக்கு செல்லாது. விற்கப்படும் பொருள் வருணனைக்குப் பொருந்தியதாகவும் ஏற்கத்தக்க தரம் உடையதாகவும் இருக்க வேண்டும் என்பது 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதம். விற்பனையாளர் தம் அறிவிப்பால் அதை நீக்கிவிட முடியாது. இணையச் சந்தையில் பணம் இன்னும் விற்பனையாளருக்கு விடுவிக்கப்படாமல் இருந்தால், அங்கேயே உடனடியாகத் திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதிவுசெய்யுங்கள். அது பலிக்காவிட்டால் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும், வழக்கறிஞர் வேண்டியதில்லை. விளம்பரப் பக்கத்தை இன்றே படம்பிடித்து வையுங்கள், ஏனெனில் புகார் போனதும் அந்த வாசகம் மாறிவிடுவதுண்டு. விற்பனையாளர் வெளிநாட்டில் இருந்தால் மன்றத்தின் தீர்ப்பை நிறைவேற்றுவது கடினம் என்பதால், இணையச் சந்தை வழியாகவே முயல வேண்டும்.

கேள்வி: முகாமுக்கு வரும் மூன்று வயதுப் பேரனுக்குக் கொசுவிரட்டிக் கைப்பட்டை மட்டும் போதுமா? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: போதாது. பட்டை கட்டிய மணிக்கட்டைத் தவிர மற்ற இடங்களில் கொசு தாராளமாகக் கடிக்கும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் பகலிலும் கடிப்பதால், நடக்கும்போதே மெல்லிய முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுவிடுங்கள். வெளியே தெரியும் தோலில் மட்டும், 30 விழுக்காட்டுக்கு மேற்படாத டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த திரவத்தைப் பெரியவர்கள் தங்கள் கையில் எடுத்துப் பூச வேண்டும். விரல்களை வாயில் வைக்கும் வயது என்பதால் பேரனின் உள்ளங்கையில் பூசாதீர்கள்.