சிந்தி கத்துக்க எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

கேள்வி: வணக்கம் அக்கா, கல்யாணமாகி மும்பை பக்கத்துல உல்லாஸ்நகர் வந்திருக்கேன், வீட்டுக்காரர் சிந்தி. எங்கிட்ட எல்லாரும் ஹிந்தியிலதான் பேசுறாங்க, ஆனா மாமியாரும் அவங்க அம்மாவும் பேசிக்கிட்டா ஒண்ணுமே புரியல. பாட்டிக்கு அரபி மாதிரி எழுத்துதான் படிக்க வரும், வீட்டுக்காரருக்கு அது தெரியாது. நான் எந்த எழுத்துல ஆரம்பிக்கறது?
- பெயர் வேண்டாம், உல்லாஸ்நகர்

பதில்: எழுத்தை இப்போதைக்கு ஓரமா வைங்கம்மா, முதல்ல காதும் வாயும் பழகட்டும். தமிழ்ப் பொண்ணுங்கறது இதுல உங்களுக்குப் பெரிய ப்ளஸ். தண்ணிக்கு ஹிந்தியில பானி, சிந்தியில பாணி, அந்த ண உங்களுக்குத் தானா வந்துடும். போறதுக்கு வஞணு, விரலுக்கு ஆஙுர், பின்னாடி க ஒட்டாத தனி ங-வை நாம அரிச்சுவடியில பார்த்ததோட சரி, அங்க அது தினமும் புழங்குற சத்தம். கைக்கு ஹிந்தியில ஹாத், பாட்டி வாயில ஹத்துனு வரும், நாம பஸ்ஸு, பேங்க்குனு சொல்ற மாதிரி கடைசியில ஒரு குட்டி உகரம் ஒட்டிக்கும்.

கஷ்டம் எங்கன்னா, காத்தை உள்ள இழுத்துச் சொல்ற நாலு சத்தம் இருக்கு. 'அம்பு'ல வர்ற ப-வை சொல்லுங்க, இப்ப அதையே உதட்டை மூடி, தொண்டையைக் கொஞ்சம் கீழ இறக்கி, காத்து வெளிய போகாம உள்ள வர்ற மாதிரி சொல்லுங்க, அதான். சாதாரணமா 'பார்'னு சொன்னா சுமை, உள்ள இழுத்து 'பார்'னு சொன்னா குழந்தை! தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், அதனால நோட்டுல தமிழ்ல எழுதி வச்சு மனப்பாடம் பண்ணாதீங்க ப்ளீஸ், பாட்டி சொல்றதை போன்ல ரெக்கார்ட் பண்ணி திரும்பத் திரும்பக் கேளுங்க. க, ஜ, ட மூணுக்கும் இதே மாதிரி ஜோடி உண்டு.

அப்புறம் எழுத்து. இந்தியாவுல சிந்திக்கு அரபி வகை, தேவநாகரி (ஹிந்தி எழுத்து) ரெண்டுமே புழக்கத்துல இருக்கு. தேவநாகரி உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சா ஒரு வாரத்துல பழகிடும், அந்த நாலு சத்தத்துக்கு எழுத்துக்குக் கீழ ஒரு கோடு, அவ்வளவுதான் புதுசு. அரபி வகையில 52 எழுத்து, 1853ல பிரிட்டிஷ்காரங்க காலத்துல முடிவு பண்ணினது, பாகிஸ்தான் சிந்துவுல இன்னைக்கும் அதுதான். பயப்படாதீங்க, ஒரே படகு வடிவத்துக்குக் கீழ ஒரு புள்ளின்னா 'அம்பு'ல வர்ற சாதா ப, அதே இடத்துல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ரெண்டு புள்ளின்னா உள்ள இழுக்கிற ப, மூணுன்னா 'பாணி'யில வர்ற ப, நாலுன்னா மூச்சு விட்டுச் சொல்ற ப. என்னைக் கேட்டா பேச்சு கொஞ்சம் வந்ததும் பாட்டிக்கிட்டயே இந்த எழுத்தைக் கத்துக்கோங்க. சிந்தியோட பெரிய சூஃபி கவிஞர் ஷா அப்துல் லத்தீஃப் பாட்டெல்லாம் இதுலதான் நிறைய கிடைக்கும், அதை பாட்டி படிச்சுக் காட்டற மாதிரி யாரும் காட்ட முடியாது.

இலக்கணத்துல ஒரு விஷயம் முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. நாம சொன்னேன்னு சொன்னா அதுல 'நான்' இருக்குல்ல, சிந்தியில 'சயோமான்ஸ்'னு ஒரே வார்த்தை, நான் அவன்கிட்ட சொன்னேன்னு மொத்தமும் அதுக்குள்ள. இதைப் பேச இப்பவே முயற்சி வேண்டாம், காதுல விழுந்தா அடையாளம் தெரிஞ்சா போதும்.

இன்னைக்கே பாட்டிக்கிட்ட 'மாங் சிந்தி சிக்காங் தீ' சொல்லுங்க, நான் சிந்தி கத்துக்கறேன்னு அர்த்தம், ஆம்பளை சொன்னா தீ தோ ஆயிடும். அவங்க வேகமா பேசினா 'ஆஹிஸ்தே காலாயோ', மெதுவா பேசுங்கன்னு, அந்த கா-வும் உள்ள இழுக்கிறதுதான். புரியலன்னா 'வரீ சஓ', திரும்பச் சொல்லுங்க.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, 1967ல அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில சேர்த்தும் சிந்திக்குன்னு இங்க ஒரு மாநிலம் இல்ல, பிரிவினையில வந்தவங்க கேம்ப்பா இருந்துதான் உங்க ஊரே உருவாச்சு, இப்ப பேரப் பிள்ளைங்க ஹிந்திக்குப் போயிட்டாங்க. உங்க வீட்டுக்காரரையும் பக்கத்துல உட்கார வச்சுக்கோங்க, எழுத்து அவருக்கும் வரட்டும்.