பத்தாம் வகுப்பில் 'சார்பு' பாடத்தை எக்செல் வைத்து நடத்தினால் பிள்ளைகளுக்குப் புரியுமா?

புரியும். 'உறவுகளும் சார்புகளும்' பாடத்தை நான் ஐந்து வருடமாக அப்படித்தான் நடத்துகிறேன். எங்கள் லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கு பிள்ளைகள் உட்காருகிறார்கள், அதுவே போதும். ஆனால் எடுத்த எடுப்பில் கிராஃப் போட்டுக் காட்டாதீர்கள். வளைகோட்டைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள், மணி அடித்ததும் மறந்துவிடுவார்கள்.

முதல் நாள் நான் 'சார்பு' என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. ஆட்டோ கட்டணத்தில் ஆரம்பிப்பேன். 2013-ல் சென்னைக்கு அரசு நிர்ணயித்த கணக்கு இது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். இன்றைக்கு ரோட்டில் கேட்கும் தொகை வேறு, ஆனாலும் பாடத்துக்கு இந்த எண்கள் வெகு பொருத்தம். 1, 3, 5 கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று முதலில் நோட்டில் போடச் சொல்வேன். 25, 39.40, 63.40 என்று வரும். சரி, எப்படிப் போட்டாய் என்று வாயால் சொல்லச் சொன்னால், "1.8-க்குள்ள இருந்தா 25 சார், மேல போனா மிச்சத்தை 12-ஆல பெருக்கிக் கூட்டணும்" என்பார்கள். அந்த வாக்கியம்தான் ஃபார்முலா. ஏ2 கட்டத்தில் தூரத்தைப் போட்டு, பி2 கட்டத்தில் =இஃப்(ஏ2<=1.8, 25, 25+12*(ஏ2-1.8)) என்று அவர்களே அடித்துக் கீழே இழுப்பார்கள். ஏ2-ல் தூரத்தை மாற்றினால் பி2-ல் கட்டணம் மாறும். கட்டணம் தூரத்தைச் சார்ந்திருக்கிறது, ஆகவே சார்பு. பெயர் அங்கே வரட்டும்.

அப்புறம் ஒரு கேள்வி. ஒருவர் 63.40 கொடுத்தார், எவ்வளவு தூரம் போனார்? 5 கிலோமீட்டர். இன்னொருவர் 25 கொடுத்தார், அவர்? வகுப்பு திணறும். 1 ஆக இருக்கலாம், 1.5 ஆகவும் இருக்கலாம். ஒரு தூரத்துக்கு இரண்டு கட்டணம் வரவே வராது, ஆனால் ஒரே கட்டணத்துக்குப் பல தூரம் இருக்கலாம். சார்பின் வரையறையும், இது ஏன் ஒன்றுக்கொன்றான சார்பு இல்லை என்பதும் ஒரே மூச்சில் கிடைத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். ஏ2-ல் -3 போடச் சொல்லுங்கள். எக்செல் கொஞ்சமும் யோசிக்காமல் 25 என்று காட்டும். மைனஸ் 3 கிலோமீட்டர் எந்த ஆட்டோ போகும்? தூரம் குறை எண்ணாக இருக்க முடியாது என்று ஃபார்முலாவுக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். மதிப்பகம், அதாவது சார்புக்குள் எந்தெந்த எண்களைப் போடலாம் என்ற தொகுப்பு, பரீட்சையில் ஒரு மார்க்குக்காக எழுதும் வரி இல்லை, சார்பிலேயே ஒரு பாதி என்று அன்றைக்குத்தான் பிள்ளைகளுக்கு உறைக்கிறது. அடுத்து -4-க்கு வர்க்கமூலம் கேட்கச் சொல்லுங்கள், #நம்! (#NUM!) என்று பிழை காட்டி மறுத்துவிடும். சில இடத்தில் ஃபார்முலாவே எல்லை போடுகிறது, சில இடத்தில் நாம் போட வேண்டும். இந்த வித்தியாசத்துக்கு ஒரு முழுப் பீரியட் கொடுங்கள்.

கிராஃபுக்கு வரும்போது மூன்று இடத்தில் சறுக்கும். லைன் சார்ட் போடக் கூடாது, ஸ்கேட்டர்தான். லைன் சார்ட் எக்ஸ் மதிப்புகளை வெறும் பெயர்களாக எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் அடுக்கிவிடும், 1, 3, 10 என்று கொடுத்தால் படமே தப்பு. இரண்டாவது, =-ஏ2^2 என்று அடித்தால் எக்செல் மைனஸை முதலில் எடுத்துக்கொண்டு பிறகு வர்க்கம் செய்கிறது. 3-க்கு -9 வர வேண்டிய இடத்தில் 9 வரும், கவிழ்ந்த பரவளையம் நிமிர்ந்துவிடும். =-(ஏ2^2) என்று அடைப்புக்குறி போடப் பழக்குங்கள். மூன்றாவது, -1-லிருந்து 0.1 0.1 ஆகக் கூட்டிக்கொண்டே போனால் 0 வர வேண்டிய இடத்தில் இ-16 என்று முடியும் ஒரு துக்கடா எண் நிற்கும். அதை 1/எக்ஸ்-க்குள் போட்டால் கிராஃப் தாறுமாறாகிவிடும். -10 முதல் 10 வரை முழு எண்களை ஒரு பத்தியில் எழுதி, அடுத்த பத்தியில் 10-ஆல் வகுத்தால் தொல்லை இல்லை.

கடைசி நாள் விளையாட்டு. ஃபார்முலாவை மறைத்து ஷீட்டைப் பூட்டிவிடுவேன். பிள்ளைகள் எண் போடலாம், விடை பார்க்கலாம், விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். போன வருடம் ஒரு குழு, எண்ணை அதைவிட 2 அதிகமான எண்ணால் பெருக்கு என்றது. இன்னொரு குழு, 1 கூட்டி வர்க்கம் செய்து 1 கழி என்றது. இரண்டு பேரும் சண்டை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் போட்டுக் கழிக்கச் சொன்னேன். இருபது வரியிலும் 0. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "இருபத்தோராவது எண்ணுக்கும் 0 வரும்னு எப்படி சார் சொல்றது?" என்றாள். கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லிவிட்டு, எல்லாரையும் நோட்டை எடுக்கச் சொன்னேன்.