ஃபீஸ் இல்லாத ஸ்கூல், விலை ஏறுன வீடு: வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல அமெரிக்க புறநகர் அரசு ஹைஸ்கூல் பத்தி தான், அதுலயும் நிறைய தாத்தா பாட்டிங்க எழுதினது. அதனால இந்த தடவை அதுக்கு மட்டும் இடம், சினிமா கேள்வி கேட்டவங்க அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: என் பேரன் நியூ ஜெர்சில ஒன்பதாவது போறான். மகளும் மருமகனும் ஐடில நல்லா சம்பாதிக்கிறாங்க, ஆனா பையன கவர்ன்மென்ட் ஸ்கூல்ல விட்டிருக்காங்க. ஏன்டி பிரைவேட்ல சேர்க்கலன்னு கேட்டா சிரிக்கிறா. எதுக்கு சிரிக்கிறா? (ஒரு பாட்டி, ஈரோடு)

சிரிக்க காரணம் இருக்கும்மா. ஸ்கூல்ல ஃபீஸ் கிடையாது, புஸ்தகம் கூட வருஷத்துக்கு இரவலா குடுத்து திரும்ப வாங்கிக்குவாங்க, ஆனா உங்க மக அந்த ஏரியால வீடு பாத்த அன்னிக்கே ஃபீஸ் கட்ட ஆரம்பிச்சாச்சு. அங்க எந்த ஸ்கூல்ங்கிறத வீட்டு விலாசம் தான் முடிவு பண்ணுது. நல்ல ஸ்கூல் இருக்கிற ஏரியால வீட்டு விலை ஏறும், அந்த வீட்டுக்கு சொத்து வரி வருஷா வருஷம் வரும், அந்த வரில ஒரு பெரிய பங்கு நேரா ஸ்கூலுக்கே போகும். நாடு முழுக்க கணக்கு பாத்தா ஸ்கூல் செலவுல பாதிக்கு கொஞ்சம் கம்மியா உள்ளூர் காசு, ஏறக்குறைய அதே அளவு மாநில அரசு, வாஷிங்டன்ல இருந்து வர்றது பத்து சதவீதம் சுமார் தான். உள்ளூர்லயே ஓட்டு போட்டு ஒரு ஸ்கூல் போர்டு தேர்ந்தெடுப்பாங்க, பட்ஜெட், பிரின்சிபால் நியமனம் எல்லாம் அவங்க கைல.

பத்து பிள்ளைங்கள்ல கிட்டத்தட்ட ஒன்பது பேர் அங்க அரசுப் பள்ளில தான் படிக்கிறாங்க, அதனால உங்க மகளுக்கு அது கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. சேர்க்கும்போது வாடகை பத்திரம், கரன்ட் பில்லுன்னு விலாசத்துக்கு ஆதாரம் கேப்பாங்க, பொய் விலாசம் குடுத்தா விளையாட்டு இல்ல. ஒஹையோல ஒரு அம்மா தன்னோட அப்பா வீட்டு விலாசத்த போட்டு பிள்ளைங்கள பக்கத்து ஊர் நல்ல ஸ்கூல்ல சேர்த்தாங்கன்னு 2011ல கேஸ் நடந்து, 9 நாள் ஜெயில்ல இருந்துட்டு வந்தாங்க. இலவசப் படிப்புக்குள்ள நுழையறதுக்கு ஜெயில்னா அது எவ்ளோ இலவசம்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

கேள்வி: மகன் ஊருக்கு போனப்ப அவன் பிள்ளைங்க ஸ்கூல் பாத்தேன். காலேஜ் மாதிரி அவ்ளோ பெரிய கட்டடம், ஸ்டேடியம், கார் பார்க்கிங். இதெல்லாம் எப்ப, எப்படி வந்துச்சு? (ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

சார், இதுக்கு கொஞ்சம் நீளமா தான் பதில் சொல்லணும். முதல் அரசு ஹைஸ்கூல் 1821ல பாஸ்டன்ல ஆரம்பிச்சாங்க, பசங்களுக்கு மட்டும், காலேஜ் போகாம வியாபாரத்துக்கோ தொழிலுக்கோ போறவங்களுக்காக. 1826ல பொண்ணுங்களுக்கும் ஒண்ணு திறந்தாங்க, சேர வந்த கூட்டத்துக்கு செலவு பண்ணி கட்டுப்படியாகாதுன்னு ரெண்டே வருஷத்துல மூடிட்டாங்க!! அப்புறம், ஹைஸ்கூலுக்கு எல்லார்கிட்டயும் வரி வாங்கலாமாங்கிறதே ஒரு பெரிய சண்டை. மிச்சிகன்ல கலமசூங்கிற ஊர்ல சிலர் கோர்ட்டுக்கு போனாங்க, 1874ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட் தாராளமா வாங்கலாம்னு தீர்ப்பு குடுத்துச்சு, அத பாத்து மத்த மாநிலங்களும் தைரியமா இறங்கினாங்க. ஆனாலும் 1910ல பதினெட்டு வயசு ஆட்கள்ல நூத்துக்கு ஒன்பது பேர் தான் ஹைஸ்கூல் முடிச்சவங்க. 1940ல அது பாதி பேர் ஆயிடுச்சு. முப்பது வருஷத்துல இவ்ளோ வளர்ச்சிங்கிறது அந்தக் காலத்துல வேற எந்த நாட்டுலயும் நடக்கல.

இப்ப புறநகருக்கு வர்றேன். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு வந்த சிப்பாய்களுக்கு 1944 சட்டப்படி வீட்டுக் கடன் சுலபமா கெடச்சுது, 1947ல நியூயார்க் பக்கத்துல லெவிட்டவுன் மாதிரி அச்சுல வார்த்த வீடுங்க ஆயிரக்கணக்குல எழும்புச்சு, குழந்தைங்க பொறந்தாங்க, அந்தக் குழந்தைங்க வளர வளர வயல் இருந்த இடத்துல எல்லாம் ஸ்கூல் வந்துச்சு. நீங்க பாத்த அந்த நீளமான தட்டை கட்டடம் 50கள்லயோ 60கள்லயோ கட்டினதா இருக்க வாய்ப்பு அதிகம். ஹார்வர்ட் தலைவரா இருந்த ஜேம்ஸ் கோனன்ட் 1959ல ஒரு அறிக்கை குடுத்தாரு, கடைசி வகுப்புல நூறு பேர் கூட இல்லாத குட்டி ஸ்கூல எல்லாம் இணைச்சு, காலேஜ் போறவனும் மோட்டார் மெக்கானிக் ஆகப் போறவனும் ஒரே கூரைக்கு கீழ படிக்கிற மாதிரி பண்ணுங்கன்னு. இணைக்கிற வேலை அதுக்கு முன்னாடியே ஓடிட்டு இருந்துச்சு, 1940ல 1 லட்சத்து 17 ஆயிரம் பள்ளி மாவட்டம் (ஒரு ஸ்கூல் போர்டுக்கு கீழ வர்ற ஏரியா) இருந்தது 1970 வாக்குல 18 ஆயிரம் ஆச்சு, இப்ப 13 ஆயிரம் சொச்சம். அவ்ளோ பெருசா இருக்கிறதுக்கு இது தான் காரணம் சார்.

இதுல ஒரு கசப்பு இருக்கு, அத சொல்லாம விட்டா பாதி கதை தான். லெவிட்டவுன்ல கறுப்பினத்தவங்களுக்கு வீடு தரமாட்டோம்னு ஒப்பந்தத்துலயே எழுதி வச்சிருந்தாங்க. 1954ல சுப்ரீம் கோர்ட் இனம் பாத்து ஸ்கூல பிரிக்கக் கூடாதுன்னு சொன்னப்புறம் நிறைய வெள்ளைக் குடும்பங்க நகரத்த விட்டு புறநகருக்கு நகர்ந்தாங்க. சரி, நகரத்தையும் புறநகரையும் சேர்த்து பிள்ளைங்கள கலந்து படிக்க வைக்கலாம்னு டெட்ராய்ட்ல முயற்சி பண்ணினப்ப, 1974ல அதே கோர்ட் 5க்கு 4ன்னு, புறநகர் மாவட்டங்கள இதுல இழுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. அதுக்கு முந்தின வருஷம் தான் டெக்சஸ்ல ஒரு ஏழை மாவட்டத்துப் பெற்றோர் போட்ட கேஸ்ல, மாவட்டத்துக்கு மாவட்டம் ஸ்கூல் வரி வசூல்ல ஏத்த இறக்கம் இருந்தாலும் அது மத்திய அரசியல் சட்டத்துக்கு விரோதம் இல்லன்னு வேற சொல்லியாச்சு. அந்த ரெண்டு தீர்ப்பும் சேர்ந்து வரைபடத்துல இருந்த கோட்ட சுவரா மாத்திடுச்சுன்னு தான் நான் சொல்லுவேன். 1965 குடியேற்ற சட்டத்துக்கு அப்புறம் போன நம்ம ஆளுங்க பெரும்பாலும் அந்த சுவருக்கு உள்பக்கம் தான் வீடு வாங்கினாங்க, அதையும் நாம ஒத்துக்கணும்.

கேள்வி: ஸ்கூல் பஸ் எல்லாம் ஏன் மஞ்சள்? (ஆறாம் வகுப்பு மாணவி, கரூர்)

1939ல ஃப்ராங்க் சைர்ங்கிற பேராசிரியர் கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஒரு கூட்டம் போட்டு, நிறத்துல ஆரம்பிச்சு பஸ்ஸோட அளவு வரைக்கும் பொது விதி வகுத்தாரு. விடிஞ்சும் விடியாத நேரத்துல அந்த மஞ்சள் மேல கறுப்பு எழுத்து பளிச்னு தெரியும், அவ்ளோ தான் கண்ணு.

கேள்வி: அண்ணன் பொண்ணு பதினொண்ணாவதுலயே அஞ்சு ஏபி எடுக்கிறாளாம், வீட்ல ஒரே பெருமை. அது நம்ம பிளஸ் டூ மாதிரியா? (வாசகி, கோயம்புத்தூர்)

இல்லங்க. நம்ம ஊர் மாதிரி ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப்னு கட்டம் அங்க கெடையாது, ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் நாலு வருஷத்துல இத்தன கிரெடிட் (பாடம் முடிச்சா கெடைக்கிற புள்ளி) சேர்த்தா பட்டயம், அதுக்குள்ள ஒரே பொண்ணு கால்குலஸும் படிப்பா, மண்பாண்டமும் செய்வா, ஆர்கெஸ்ட்ராலயும் வாசிப்பா. ஏபிங்கிறது காலேஜ் முதல் வருஷ அளவு பாடம், மே மாசம் பரீட்சை, 1ல இருந்து 5 வரைக்கும் மார்க். 3ஓ அதுக்கு மேலயோ வாங்கினா நிறைய காலேஜ்ல கிரெடிட் குடுப்பாங்க, பெரிய காலேஜ்னா 4, 5 கேப்பாங்க, சிலது தரவே தராது. 50கள்ல கெட்டிக்கார பசங்க கடைசி ரெண்டு வருஷம் சும்மா உக்காந்து சலிச்சுப் போறாங்கன்னு இத ஆரம்பிச்சாங்க. 1957ல ரஷ்யா ஸ்புட்னிக்ங்கிற செயற்கைக்கோள விட்டதும் நாம பின்தங்கிட்டோம்னு நாடே அலறி, 1958ல கணக்கு, அறிவியல், அயல்மொழிக்குன்னு தனி சட்டமே போட்டு பணத்த கொட்டினாங்க, அந்த பயத்துல ஏபியும் சேர்ந்து வளர்ந்துச்சு.

அஞ்சு தேவையாங்கிறத அந்தப் பொண்ணு கிட்ட கேளுங்க, அண்ணன் கிட்ட கேக்காதீங்க. ஸ்கூல்லயே கவுன்சிலர்னு ஒருத்தர் இருப்பாங்க, எந்தப் பாடம், எந்தக் காலேஜ்னு வழி காட்டறது அவங்க வேலை, நம்மவங்க அவங்கள பாக்கறதுக்கு முன்னாடியே வாட்ஸப் குரூப்ல முடிவு பண்ணிடறாங்க.

கேள்வி: பொண்ணுங்க கூட அங்க சாக்கர், ரெஸ்லிங்னு போறாங்களே, பாட்டிங்க ஒண்ணும் சொல்லலையா? (வாசகர், நாகர்கோவில்)

சொன்னாங்க, நிறையவே சொன்னாங்க. 1972ல டைட்டில் நைன்னு ஒரு சட்டம், மத்திய அரசு காசு வாங்குற பள்ளில ஆண் பெண் பேதம் பாக்கக் கூடாதுன்னு. அப்ப நாடு முழுக்க ஹைஸ்கூல் டீம்ல இருந்த பொண்ணுங்க 3 லட்சத்துக்கும் கொஞ்சம் கம்மி, இப்ப 30 லட்சத்துக்கு மேல. கிரவுண்டு, கோச், பஸ் எல்லாத்துலயும் அவங்களுக்கும் பங்கு குடுத்தாகணும்.

கேள்வி: என் தங்கை மகனுக்கு ஆட்டிசம். வேலை மாறி போன வருஷம் தான் டெக்சஸ் போனாங்க. ஸ்கூல்ல ஏதோ மீட்டிங், கையெழுத்துன்னு கூப்பிடறாங்களாம், பயந்துட்டு இருக்கா. என்ன சொல்றது? (வாசகி, சேலம்)

பயப்பட வேணாம்னு முதல்ல சொல்லுங்க, அந்த மீட்டிங் அவங்களுக்கு சாதகமானது. 1975க்கு முன்னாடி இந்த மாதிரி பிள்ளைங்கள எங்களால முடியாதுன்னு ஸ்கூலே திருப்பி அனுப்பலாம். அந்த வருஷம் வந்த சட்டம் அத நிறுத்துச்சு. இப்ப ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐஈபின்னு தனித் திட்டம் எழுதணும், எந்த வகுப்பு, வாரத்துக்கு எத்தன மணி பேச்சுப் பயிற்சி, பஸ்ல துணை வேணுமா, எல்லாம் அதுல வரும், காசு கிடையாது. அந்த திட்டத்த எழுதுற குழுல அம்மா அப்பாவும் உறுப்பினர்ங்க, சும்மா விருந்தாளி இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவையாவது திரும்ப உக்காந்து பாக்கணும்.

தங்கை கிட்ட இத கண்டிப்பா சொல்லுங்க: அன்னிக்கே கையெழுத்து போட வேணாம், வீட்டுக்கு எடுத்துட்டு போய் படிச்சுட்டு தர்றேன்னு சொல்லலாம். இங்கிலீஷ்ல சரளம் இல்லன்னா மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேக்கலாம், ஸ்கூல் தான் ஏற்பாடு பண்ணணும். நம்ம ஊர் ரிப்போர்ட் இருந்தா எடுத்துட்டு போகட்டும். ஸ்கூல் சொல்றது பிடிக்கலன்னா மேல முறையீட்டுக்கு வழி இருக்கு. எந்த விசால இருக்கோம்ங்கிற கவலையும் வேணாம், பன்னெண்டாவது வரைக்கும் குடியேற்ற நிலைய காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் அரசுப் பள்ளி தள்ளக் கூடாதுன்னு 1982லயே தீர்ப்பு ஆயாச்சு, அதுவும் இதே டெக்சஸ்ல இருந்து போன கேஸ்ல தான்.

கேள்வி: அங்க தமிழ் சொல்லித் தர்றாங்களா? (வாசகர், மதுரை)

ஸ்பானிஷ், ஃப்ரெஞ்ச் மாதிரி வகுப்புக்குள்ள கிடைக்கிறது அபூர்வம், வார இறுதி தமிழ்ப் பள்ளிங்க தான் அத தாங்குது. ஆனா ரெண்டு மொழி தெரிஞ்ச பிள்ளைங்களுக்கு பட்டயத்துல முத்திரை குத்தற திட்டம் 2011ல கலிஃபோர்னியால சட்டமாகி இப்ப கிட்டத்தட்ட எல்லா மாநிலத்துலயும் இருக்கு, தமிழ்ல பரீட்சை எழுதி அத வாங்கின பிள்ளைங்களும் இருக்காங்க.

கேள்வி: ஹோம்வொர்க் பண்ணலன்னா அடிப்பாங்களா? (அதே ஈரோட்டு பாட்டி)

உங்க பேரன் தப்பிச்சான்மா. வாத்தியார் அடிக்கக் கூடாதுன்னு அமெரிக்காவுலயே முதல்ல சட்டம் போட்ட மாநிலம் நியூ ஜெர்சி, 1867லயே. தெற்குப் பக்கம் சில மாநிலங்கள்ல இன்னிக்கும் மரப்பலகையால ரெண்டு போடறதுக்கு சட்டத்துல இடம் இருக்கு.