கஞ்சா வழக்கு: சிறைதான் வழியா?

கேள்வி: என் 22 வயது மகன் சட்டைப் பையில் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். விட முடியவில்லை என்று அழுகிறான். ஜெயிலுக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?
- ஒரு தாய், பாபநாசம்.

பதில்: அவசியமில்லை அம்மா. கஞ்சாவில் ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் அரசு மருத்துவமனையிலோ, அரசு அங்கீகரித்த மையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், இந்த வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடலாம். குற்றவாளி என்று தீர்ப்பானாலும், 39ஆம் பிரிவின்படி நீதிபதி சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பலாம்.

தஞ்சாவூர் கோர்ட்டில் வாய்தாவுக்கு வரும் பையன்களை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். கை நடுங்க நிற்பார்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டுவார்கள். கேஸ் முடிந்துவிடும், பழக்கம் அப்படியே இருக்கும். எனக்கு வயிறு எரியும். போர்ச்சுகலில் 2001 முதல், பத்து நாள் உபயோகத்துக்குள்ளான அளவு வைத்திருப்பவரைக் கிரிமினல் கோர்ட்டுக்கு அனுப்பாமல், மருத்துவமும் சமூகப் பணியும் தெரிந்தவர்கள் உள்ள குழுவிடம் அனுப்புகிறார்கள். விற்பவனுக்கு அங்கேயும் சிறைதான். நம் சட்டமும் அந்தப் பக்கம் திரும்பியே ஆக வேண்டும்.

சரி, நீங்கள் முதலில் அரசின் போதை மீட்பு உதவி எண்ணான 14446க்குப் போன் செய்யுங்கள். அப்புறம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சீட்டுப் போட்டு, சிகிச்சைக் காகிதங்களை வக்கீலிடம் கொடுங்கள். ‘ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிடலாம்’ என்று அவர் சொன்னால், முதலில் 64ஏ மனுவைப் போடச் சொல்லுங்கள்.